காலி லோரிப் பாட்டு

பத்துமலைக்குப் பாட்டு என்றால் உயிர். சுங்கை சிப்புட்டில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சும் விடுவார்கள். மனிதர் அந்த உயிரைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அவர் ஊருக்கெல்லாம் அல்லவா பங்கு வைத்தார்! யாராவது புதுக் கார் வாங்கினால் பாட்டு நிரப்பிய பென்டிரைவ் ஒன்று வீடு தேடி வரும். கல்யாணமா, பென்டிரைவ். பிள்ளை பிறந்திருக்கிறதா, தாலாட்டாகப் பொறுக்கிப் போட்ட பென்டிரைவ். கொடுத்ததோடு விட்டாலும் பரவாயில்லை. மறுவாரம் கடையில் பசியாற உட்கார்ந்திருப்பவனைத் தேடி வந்து பிடித்துக்கொள்வார்.

"ஏழாவது பாட்டு கேட்டியா?"

"கேட்டேன் அண்ணே. நல்லா இருக்கு."

"ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி வயலின் ஒண்ணு தனியா அழுவுமே, கவனிச்சியா?"

அவன் திருதிருவென்று விழிப்பான். அவ்வளவுதான், அவனுடைய ரொட்டி சானாய் ஆறி அட்டையாகிற வரைக்கும் அந்த வயலினைப் பற்றிப் பாடம் நடக்கும். கடை முதலாளி முகம்மது கௌஸ் கல்லாவில் இருந்தபடி, "மச்சான், வாடிக்கையாளர விடு லா, அவன் நாளைக்கும் வரணும்" என்பார். பத்துமலை காதில் விழுந்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அவர் பாட்டு போட்டால் யாரும் கூடப் பாடக்கூடாது. முணுமுணுக்கக்கூடாது. விரலால் மேசையில் தட்டினாலும் ஒரு முறை முறைப்பார். "பாட்ட மிதிக்காத லா" என்பார். அவருமே பாடியது கிடையாது. கண்ணை மூடி, வாயை இறுக்கிக்கொண்டு, கோயிலில் தீபாராதனை பார்க்கிறவரைப் போல உட்கார்ந்திருப்பார்.

பிழைப்பு லோரி ஓட்டுவது. ஈப்போ பக்கத்து மலைகளில் உடைத்து அரைத்த சுண்ணாம்புக்கல் பொடியை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த் துறைமுகத்துக்குப் போவார், காலி லோரியோடு திரும்புவார். வாரத்தில் ஐந்து நாள், சில வாரம் ஆறு நாள். பக்கத்தில் கெலிண்டான் சுகுமாரன். மூட்டை ஏற்ற, கான்வாஸ் இழுத்துக் கட்ட, பின்னால் போய் நின்று "வா வா வா, ஸ்தொப்" என்று கத்த ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆளுக்குத்தான் கெலிண்டான் என்று பெயர். சுகுமாரன் வேலைக்குச் சேர்ந்தபோது இருபத்து நாலு வயது. இருபத்தாறு வருஷம் அந்த இடது பக்கத்து இருக்கையை விட்டு அவன் நகரவில்லை.

அந்த லோரிக்குள் ஒரு சட்டம் இருந்தது. சேர்ந்த இரண்டாவது வாரமே சண்டை போட்டு இருவரும் ஏற்படுத்திக்கொண்டது. சரக்கோடு போகும்போது டிரைவர் பாட்டு. காலி லோரியாகத் திரும்பும்போது கெலிண்டான் பாட்டு. பாரம் ஏற்றிய லோரி ஜெலாப்பாங் மேட்டில் முக்கி முனகி ஏறும்போது டிரைவரின் மனசு ஒரு நிலையில் இருக்க வேண்டும், அது நியாயம். துறைமுகத்தில் மூட்டைகளை இறக்கி, தலையெல்லாம் வெள்ளைப் பொடியாக, பிள்ளையார் சதுர்த்திக்குச் செய்த பொம்மை மாதிரி வந்து உட்கார்கிறவனுக்கும் ஏதாவது வேண்டுமே, அதுவும் நியாயம். பத்துமலை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதை நினைத்து இருபத்தாறு வருஷம் தலையில் அடித்துக்கொண்டார்.

ஏனென்றால் சுகுமாரனுக்குப் பிடித்த பாட்டு ஒன்றே ஒன்று.

கல்யாண விருந்துகளில் பாடுகிற உள்ளூர்க் கோஷ்டி ஒன்று எப்போதோ போட்ட கேசட்டில் இருந்த பாட்டு அது. கோஷ்டி கலைந்துபோனது, பாட்டு மட்டும் சுகுமாரனிடம் மாட்டிக்கொண்டது, சுகுமாரனிடம் பத்துமலை மாட்டிக்கொண்டார். "முட்டகோசு முத்தம்மா, மூஞ்சியக் கொஞ்சம் காட்டம்மா" என்று ஆரம்பிக்கும். முடியும்போதும் அதேதான். நடுவில் டமுக்கு டமுக்கு என்று ஒரு கொட்டு. பிராய் பாலம் தாண்டும்போது முதல் தடவை போடுவான். சுங்கை சிப்புட் வருவதற்குள் எப்படியும் பத்துப் பன்னிரண்டு தடவை ஓடிவிடும்.

"இது பாட்டாடா? பசார்ல மீன் விக்கிறவன்கூட இதவிட ராகமா கத்துவான்!"

"சட்டம் சட்டம்தான் அண்ணே. காலி லோரி."

ஒருநாள் தைப்பிங் மழையில் ஜன்னலைத் திறந்து கேசட்டை வீசியே விட்டார். மறுநாள் இன்னொரு கேசட் வந்தது. கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென்டிரைவ் வந்தது, கடைசியில் கைப்பேசி வந்தது. முத்தம்மா எல்லா வாகனத்திலும் ஏறி வந்தாள்.

பத்துமலை சத்தம் போட்டுப் பார்த்தார். பாட்டின் இரைச்சலில் அவர் சத்தம் எடுபடவில்லை. அதனால் மெட்டுக்கு மேலேயே ஏறி உட்கார்ந்து திட்டத் தொடங்கினார். "முட்டகோசு சுகுமாரா, மூஞ்சியக் கொஞ்சம் கழுவுடா!" அது எடுபட்டது. சுகுமாரன் விழுந்து விழுந்து சிரித்தான். அதற்கப்புறம் பழக்கமாகிவிட்டது. துறைமுகக் காவலாளி நிற்க வைத்த கதை, முதலாளி லீவு கொடுக்காத கதை, முன்னால் ஆமை மாதிரி ஊர்ந்த கார்க்காரன், எல்லாம் அந்த மெட்டில் வசவாக வந்து விழும். கான்வாஸ் கயிறு அவிழ்ந்த அன்றைக்கு, "கயித்தக் கட்டத் தெரியல, கல்யாணம் ஒனக்குக் கேக்குதா!" என்று கோலக் கங்சார் வரைக்கும் பாடிக்கொண்டே வந்தார். சுகுமாரன் டேஷ்போர்டில் தாளம் போடுவான். வீடு வந்து இறங்கும்போது இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருக்கும்.

இதைப் பாடுவது என்று பத்துமலை ஒருநாளும் நினைத்ததில்லை. அது பாட்டா? திட்டு.

போன வருஷம் ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கௌஸ் கடையில் உட்கார்ந்து யாருக்கோ பாடம் நடத்திக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து தேநீர்க் குவளை நழுவியது. குனிந்து பார்த்தார், கை தன் கையாகத் தெரியவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கௌஸ் தாமதிக்கவில்லை, கல்லாவைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவரைக் காரில் போட்டுக்கொண்டு பறந்தார். உயிர் தப்பியது. ஒரு மாதத்தில் கோல் ஊன்றி நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். வலது கை பாதி வந்தது. பேச்சுதான் வரவில்லை.

ஒரே ஒரு சொல் மிச்சம் இருந்தது. ஆமா.

பசிக்கிறதா என்றால் ஆமா. பசிக்கவில்லையா என்றாலும் ஆமா. உள்ளே எல்லாம் தெளிவாக இருந்தது. மனைவி காளியம்மா பேசுவது புரிந்தது, டாக்டர் பேசுவது புரிந்தது, பக்கத்துப் படுக்கைச் சீனர் மகனிடம் என்ன சண்டை போடுகிறார் என்பதுகூடப் புரிந்தது. "இல்லை" என்று சொல்லத்தான் கிளம்புவார். அந்த "இல்லை" தொண்டை வரைக்கும் இல்லையாகவே ஏறி வரும், உதட்டில் வந்து ஆமாவாக விழும். விழுந்ததைக் கேட்டு அவருக்கே தூக்கிவாரிப் போடும். எழுதிக் காட்டலாம் என்றால் இடது கையில் பேனாவைப் பிடித்ததும் எழுத்துகள் எல்லாம் எங்கேயோ ஓடிப்போயின. ஊமை கண்ட கனவு என்பார்களே, அதுதான்.

இன்னொரு அவமானமும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்ல முடியாது, சொல்ல முடிந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் கண் விழித்த நிமிஷத்திலிருந்து தலைக்குள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எட்டாயிரம் பாட்டு சேர்த்து வைத்த மண்டை அது. கூப்பிட்டால் வரக்கூடிய பாட்டுகள் எத்தனையோ உள்ளே பத்திரமாக இருந்தன. கூப்பிடாமல் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது முட்டகோசு முத்தம்மா. பல் தேய்க்கும்போது முத்தம்மா, கஞ்சி குடிக்கும்போது முத்தம்மா, டமுக்கு டமுக்கு. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்.

தீபாவளிக்கு மகள் ஷாமினி ஜொகூரிலிருந்து கணவன் ரூபனோடு வந்தாள். ஒரே மகள். அப்பா கோல் ஊன்றி வாசலுக்கு வந்ததைப் பார்த்ததும் காரை விட்டு இறங்கும்போதே அழுதுவிட்டாள். இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றாம் நாள் அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் எங்ககூடவே வந்துடுங்கப்பா. ராத்திரி போன் அடிச்சா எனக்கு நெஞ்சு படபடன்னு வருது. வீட்ட பூட்டி சாவிய சுகுமாரன் மாமாகிட்ட குடுத்துடலாம். வர்றீங்களா?"

ஜொகூரில் பதினெட்டாவது மாடி வீடு. போன தடவை போனபோது நான்கு நாள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கீழே ஓடுகிற கார்களை எண்ணிவிட்டுத் திரும்பியவர் அவர். கௌஸ் கடை இல்லை, சுகுமாரன் இல்லை, கையைப் பிடித்துப் பேச ஒரு ஆள் இல்லை. மகள் மேல் அவருக்குப் பிரியம் இல்லையா என்ன? உயிரையே கேட்டாலும் கொடுப்பார். ஊரைக் கேட்டால் எப்படி?

"ஆமா" என்றார்.

ஐயையோ என்று தலையைப் பலமாக ஆட்டினார். நம் ஆட்கள் தலையாட்டுவதில் எது ஆமாம், எது இல்லை என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. அதுவும் கழுத்து ஒரு பக்கம் இழுக்கிற தலை. "ஆமா ஆமா" என்றது வாய். ஷாமினி அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

காளியம்மா கையில் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம், "அப்பாவே சொல்லிட்டாரு. பெறகென்ன" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். காளியம்மா அவர்கள் குடியிருக்கும் தாமானுக்குள் இருக்கிற பாலர் பள்ளியில் பதினோரு வருஷமாகச் சமையல் வேலை பார்க்கிறாள். அங்கே போய், ஜனவரியிலிருந்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். கௌஸ் கடையிலிருந்து அட்டைப் பெட்டிகள் வந்தன. பத்துமலை ஒவ்வொரு நாளும் பெட்டியிலிருந்து ஒரு சட்டியை எடுத்து அடுப்படியில் கொண்டுபோய் வைப்பார். "என்னங்க, எல்லாம் இருக்கு, நான் எண்ணிட்டேன், நீங்க எதுக்கு செக் பண்றீங்க" என்று அவள் மறுபடி உள்ளே வைப்பாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

புதன்கிழமைகளில் ஈப்போ ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி. சுகுமாரன்தான் தன் பழைய கஞ்சில் காரில் ஏற்றிக்கொண்டு போவான். வழியெல்லாம் பத்துமலையின் பாட்டுகளையே போட்டான். முதல் நாளே, "இனிமே போகும்போதும் வரும்போதும் அண்ணன் பாட்டுதான் அண்ணி" என்று சொல்லிவிட்டான். முத்தம்மாவைக் கைப்பேசியிலிருந்தே அழித்துவிட்டானாம். மரியாதை! டேய், நான் இன்னும் சாகலடா என்று பத்துமலை கத்த நினைத்தார். "ஆமா" என்றார்.

பயிற்சி கொடுக்கிற பெண் பெயர் ஷாஹிஸ்தா. தைப்பிங்கில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், முப்பது வயது இருக்கும். தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சிரித்த முகமாக, ஆனால் விடாக்கண்டியாக இருப்பாள். நவம்பர் கடைசியில் ஒருநாள் காளியம்மாவிடம் சொன்னாள்:

"அக்கா, பேச்சு ஓடுற வழி அங்கிளுக்கு அடைச்சுக்கிச்சு. ஆனா பாட்டு ஓடுற வழி வேற. அது மண்டையில அந்தப் பக்கம். சில பேருக்கு ஒரு சொல்லுகூட வராது, பாட்டா வரிவரியா வரும். அந்த மெட்டுலயே நம்ம சொல்லப் போட்டு, கொஞ்சங் கொஞ்சமா பேச்சுக்குக் கொண்டு வரலாம். எல்லாருக்கும் வரும்னு சொல்ல மாட்டேன். பார்ப்பமே லா."

பத்துமலைக்கு உடனே புரிந்துவிட்டது. ஹைவேயில் மரம் விழுந்தால் பழைய ரோட்டில் இறங்கிப் போவதில்லையா, அதுதான் சங்கதி.

காளியம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாட்டுதானேம்மா? கவலைய விடுங்க. இவருகிட்ட இல்லாத பாட்டா!" என்று மறுவாரம் பென்டிரைவ்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டே கொண்டு வந்துவிட்டாள். ஷாஹிஸ்தா ஒன்றைச் செருகினாள். அவருக்கு உயிரான பாட்டு. அந்த வயலின் வந்தது. பத்துமலையின் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. வாய் மட்டும் பூட்டுப் போட்ட மாதிரி இறுகிக்கொண்டது. இன்னொரு பாட்டு, இன்னொன்று, பதினைந்து பாட்டு. உதடு அசையவே இல்லை.

ஷாஹிஸ்தா நிறுத்தினாள். "அக்கா, அங்கிள் இதெல்லாம் பாடுவாரா?"

"பாடுறதா? யாராச்சும் பாடுனா அடிக்க வருவாரு."

"அதான் பாத்தேன்! இது காது கேட்ட பாட்டு. எனக்கு வாய்க்குப் பழகுன பாட்டு வேணும். புடிச்ச பாட்டா இருக்கணும்னு இல்ல. ஒட்டிக்கிட்டு விடாம சுத்தும் பாருங்க, நம்மளயும் அறியாம முணுமுணுப்போம், அப்படி ஒண்ணு. சில சமயம் புடிக்காத பாட்டுதான் அதிகமா ஒட்டும். அப்படி எதாச்சும் இருக்கா?"

"இவரு அப்படிப்பட்ட ஆளே இல்லம்மா" என்றாள் காளியம்மா, பெருமையோடும் கவலையோடும்.

மூலையில் நின்றிருந்த சுகுமாரன் கூரையைப் பார்த்தான். அண்ணன் உயிருக்குப் போராடி வந்திருக்கிறார், டாக்டரம்மா முன்னால் முட்டகோசைப் பற்றி எப்படி வாயைத் திறப்பது? பத்துமலை தரையைப் பார்த்தார். உள்ளே டமுக்கு டமுக்கு என்று கொட்டு முழங்கியது. வாயைத் திறந்தால் அது வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும், அந்தக் கணத்திலேயே தெரியும். ஆனால் இருபத்தாறு வருஷம் காறித் துப்பிய பாட்டு! ஊருக்கெல்லாம் வயலின் பாடம் எடுத்தவன், கடைசியில் முட்டகோசைப் பாடிப் பிழைத்தான் என்று கௌஸ் கடையில் பேசிக்கொள்வார்களே. பல்லைக் கடித்துக்கொண்டார். என்ன வீம்பு பாருங்கள், பேச்சே போய்க் கிடக்கிற மனிதனுக்கு!

அந்த வீம்பு டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை வரைக்கும் தாங்கியது.

அன்று காலை ஷாமினியும் ரூபனும் முந்தின இரவே வந்து தங்கியிருந்ததால் வீடு கலகலவென்று இருந்தது. சுகுமாரன் முதலாளியிடம் கேட்டுச் சின்ன லோரி ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். அவனும் ரூபனும் பெட்டிகளைத் தூக்கத் தொடங்கினார்கள். அலமாரி போனது, தையல் மெஷின் போனது. பத்துமலையை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வாசலோரம் உட்கார வைத்தார்கள். அவர் மனசு கஷ்டப்படக்கூடாது என்று சுகுமாரன் அவருடைய பாட்டுப் பெட்டியை மட்டும் கடைசியாக ஏற்றலாம் என்று விட்டுவைத்து, அதில் அவருக்கு உயிரான பாட்டையே போட்டும் விட்டான்.

பாட்டு தொடங்கியதும் பத்துமலையின் வாய் தானாக மூடிக்கொண்டது. கண் மூடிக்கொண்டது. நாற்பது வருஷப் பழக்கம். அருமையான பாட்டு, அதற்கு என்ன குறைச்சல்! அது ஓடி முடிவதற்குள் வீடே காலியாகிவிடும் போல இருந்தது.

"அப்பா, கிளம்பலாமாப்பா?" என்று ஷாமினி வந்து அவர் தோளைத் தொட்டாள்.

"ஆமா" என்றது வாய்.

அவ்வளவுதான். பொறுத்தது போதும் என்று தோன்றிவிட்டது அவருக்கு. கோலை ஊன்றி எழுந்தார். நேரே பாட்டுப் பெட்டியிடம் போனார். இடது கையால் பென்டிரைவைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கினார்.

வயலின் நடுவில் அறுந்தது. சுகுமாரன் பெட்டியும் கையுமாக நின்றுவிட்டான். பத்துமலை ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்தி அவன் இதுவரை பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை.

பத்துமலை சுவரில் சாய்ந்துகொண்டு வாயைத் திறந்தார்.

"முட்டகோசு... முத்தம்மா..."

கரகரவென்று வந்தது. ஆனால் வந்தது. நாலு மாதத்துக்கு அப்புறம், ஆமா அல்லாத ஒரு சொல்!

"அலாமா!" என்று கத்தினான் சுகுமாரன். கையிலிருந்த பெட்டி விழுந்து கரண்டிகள் சிதறின. அவன் அதைப் பார்க்கவில்லை. கைக்கு எட்டிய லோரிக் கதவில் டமுக்கு டமுக்கு என்று தட்ட ஆரம்பித்தான். "பாடுங்கண்ணே! விட்றாதீங்கண்ணே! காலி லோரிண்ணே!" அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

"மூஞ்சியக் கொஞ்சம்... காட்டம்மா" என்றார் பத்துமலை. மூச்சு வாங்கினார். மெட்டு கையைப் பிடித்து இழுத்தது. திட்டிப் பழகிய வாய்க்கு வழி தெரியாதா?

"முட்டகோசு ஷாமினி... மூட்டைய எல்லாம் எறக்கு நீ! வரல வரல ஜொகூரு... வாசல் தாண்ட மாட்டேன் பாரு!"

ஷாமினி வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா! பேசுறீங்கப்பா! பாடுறீங்கப்பா!" என்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை நடுவில்தான் அவர் பாடியது என்ன என்பது மெல்ல அவளுக்கு உறைத்தது. முகத்தை எடுத்துப் பார்த்தாள்.

"வரலையா? அன்னிக்குக் கேட்டதுக்கு ஆமான்னு சொன்னீங்களே அப்பா?"

"ஆமா" என்றார். ச்சீ என்று தலையை உதறிக்கொண்டார். சுகுமாரன் கதவில் இன்னொரு தட்டுத் தட்டினான். "ஆமான்னாலும் இல்லம்மா... அப்பன் மேல கோபமா?" என்று மெட்டில் பாடினார் பத்துமலை.

"கோபம் இல்லப்பா" என்றாள். அவளுக்கு உள்ளே எங்கேயோ வலித்தது, அது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சிரித்துவிட்டாள். இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு யாரால் சிரிக்காமல் இருக்க முடியும்? "நான் மாசம் மாசம் வாரேன். போங்க. பயந்துகிட்டே வாரேன்."

ரூபன் லோரியில் ஏறி அலமாரியைத் திரும்ப இறக்க வழி பார்க்கத் தொடங்கினான்.

அப்போதுதான் பத்துமலை காளியம்மாவைப் பார்த்தார். அவள் அடுப்படிப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, அழாமல், சிரிக்காமல், நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். அவருக்குச் சுருக்கென்றது. ஏழு வாரமாக எல்லோரும் அவரைத்தான் கேட்டார்கள். வர்றீங்களா, கிளம்பலாமா, சரியா. அவரும் தன் வாயைப் பற்றியும் தன் ஊரைப் பற்றியும் குமுறிக்கொண்டே இருந்துவிட்டார். பதினோரு வருஷ வேலையை ஒரே நாளில் விட்டுவிட்டு வந்து பெட்டி கட்டியவளை யார் கேட்டார்கள்? போக ஆசைப்பட்டாளோ, பேரிடிபோல விழுந்ததோ, யாருக்குத் தெரியும்?

கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார், "ஏய்" என்பார், அதிகம் போனால் "ஷாமினி அம்மா". அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான். கோலை ஊன்றி அவள் முன்னால் போய் நின்றார். மெட்டைத் தேடினார். இந்தத் தடவை அது மெதுவாக வந்தது, கொட்டு இல்லாமல், திட்டு இல்லாமல்.

"காளியம்மா... காளியம்மா... நீ என்ன சொல்ற... சொல்லம்மா."

காளியம்மா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"நீங்க ஆமான்னு சொன்னீங்கன்னுதான் நான் பேசாம இருந்தேன்" என்றாள். "எனக்குக் கொஞ்சங்கூடப் புடிக்கல. அந்தப் புள்ளைங்கள விட்டுட்டு... ஒவ்வொரு சட்டியா நீங்க வெளிய எடுத்து வைக்கிறப்பல்லாம், இவரு வேணாம்னு சொல்றாரோ, சொல்ல மாட்டாரான்னு ஏங்கிட்டு இருந்தேன். நானா எப்படிச் சொல்றது? உடம்பு முடியாத மனுஷன், மகக்கிட்ட போகணும்னு ஆசப்படுறாரு, நான் தடுத்தேன்னு ஆயிடக்கூடாதே."

பத்துமலை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வலது கையால்தான் பிடித்தார், பாதிப் பிடிதான் இருந்தது, மீதியை அவள் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் சுகுமாரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கரண்டிகளைப் பொறுக்கினான். "அண்ணி, இதெல்லாம் அடுப்படிக்கா?"

"பின்ன எங்க? நல்லா கழுவிட்டு வை தம்பி" என்றாள் காளியம்மா. பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். மகள் இருக்கிறாள், மருமகன் இருக்கிறான், எதிர் வீட்டுச் சன்னலில் வேறு இரண்டு தலை தெரிந்தது. அவள் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"எங்க, இன்னொரு தடவ பேரச் சொல்லிக் கூப்புடுங்க."